ஆப்சென்ஸ் வகை வலிப்புக்குத் தமிழ்ச்சொல்: 'இடையறவு வலிப்பு'

அன்புடையீர், வணக்கம்.

குழந்தைகளின் வலிப்பு நோய் பற்றிப் பள்ளி ஆசிரியர்களுக்கென எழுதப்படும் கையேட்டில், குழந்தை சில நொடிகள் மட்டும் நினைவு தப்பி நிற்கும் ஆப்சென்ஸ் (absence, 'இன்மை') வகைக்கு என்ன பெயர் இடலாம் என்னும் இவ்விழையில் இன்மை வலிப்பு, சிறு வலிப்பு, கவனமிழப்பு வலிப்பு, நினைவிழப்பு வலிப்பு என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான்கிலும் எனக்கு நிறைவில்லை. ஏன் என்பதைச் சொல்ல, முதலில் அந்த நிகழ்வையே அருகில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்வதை எழுதிக்கொண்டிருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் பென்சில் ஒரு சொல்லின் நடுவே நின்றுவிடுகிறது. கண் ஒரே இடத்தில் நிலைக்கிறது. இமை மட்டும் லேசாகத் துடிக்கிறது, சில வேளைகளில் உதடு சப்புக்கொட்டுகிறது. பெயர் சொல்லி அழைத்தாலும் தோளைத் தொட்டாலும் குழந்தை திரும்புவதில்லை. பத்துப் பன்னிரண்டு நொடிகளுக்குப் பின், எதுவுமே நடவாததுபோல விட்ட எழுத்திலிருந்து எழுதத் தொடங்குகிறது. ஆனால் இடையில் ஆசிரியர் சொன்ன வரி அதற்குத் தெரியாது. குழந்தை விழுவதில்லை, கைகால் வெட்டி இழுப்பதில்லை, நுரை தள்ளுவதில்லை. பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும் இந்நோயில், சிகிச்சை இல்லாதபோது ஒரே நாளில் பல பத்து முறைகூட இவ்வாறு நேரலாம். அந்நொடிகளில் மூளையின் மின் அலைகளைப் பதியும் வரைவில் (இ.இ.ஜி.) இருபக்கமும் ஒருசேர, நொடிக்கு ஏறத்தாழ மூன்று என்ற கணக்கில் கூர்முனையும் அலையும் மாறிமாறித் தோன்றும்.

இனிச் சொற்களுக்கு வருவோம். 'இன்மை வலிப்பு' என்றால் வலிப்பே இல்லை என்றுதான் படிப்பவர் கொள்வார். 'சிறு வலிப்பு' என்பது 'பெட்டி மால்' (petit mal, சிறு நோய்) என்ற பழைய பிரெஞ்சுப் பெயரின் நிழல். பன்னாட்டு வலிப்புநோய் எதிர்ப்புக் கழகத்தின் 1981ஆம் ஆண்டு வகைப்பாட்டிலேயே ஆப்சென்ஸ் என்ற பெயர் வந்துவிட்ட பிறகு அந்நிழலை நாம் சுமக்க வேண்டியதில்லை. தவிரவும், சிறியது என்று கேட்ட பெற்றோர் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவர். 'கவனமிழப்பு' என்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். பாடத்தில் கவனமில்லை என்று ஏற்கெனவே திட்டு வாங்கும் குழந்தைக்கு நோயின் பெயரிலும் அதே குற்றச்சாட்டை எழுதிவைப்பது கொடுமை. பகற்கனவில் இருக்கும் பிள்ளை தொட்டால் மீளும். இந்தப் பிள்ளை மீளாது என்பதுதான் ஆசிரியர் அறிய வேண்டிய வேறுபாடு, அதை அச்சொல் அழித்துவிடுகிறது.

நான்கனுள் வலுவானது 'நினைவிழப்பு வலிப்பு'. ஆயினும் நினைவிழப்பு என்பதை முதுமை மறதிக்கும் பயன்படுத்துகிறோம் என்ற இடர் ஒருபுறமிருக்க, மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும் குவிய வலிப்பிலும் குழந்தை நினைவு தப்பி வெறித்துப் பார்ப்பதுண்டு. அது பெரும்பாலும் அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கும். தெளிந்த பின்னும் குழந்தை சற்று நேரம் குழம்பியிருக்கும். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவது மருந்து வரை சென்று பாதிக்கும் பிழை. குவிய வலிப்புக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் கார்பமாசெபைன் என்ற மருந்து ஆப்சென்ஸ் வகையை மோசமாக்கக் கூடும். ஆப்சென்ஸ் வகைக்கு முதன்மையாகத் தரப்படும் எத்தோசக்சிமைடு என்ற மருந்தோ குவிய வலிப்புக்கு உதவாது. ஆப்சென்ஸ் வகையை உறுதிசெய்ய மருத்துவர் குழந்தையிடம் காகிதக் காற்றாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்வார். சிகிச்சை தொடங்காத பெரும்பாலான குழந்தைகளிடம் அந்த ஆழ்மூச்சே நிகழ்வைத் தூண்டிவிடும், ஊதல் சட்டென்று நின்றுபோகும்.

எனவே நான் முன்வைப்பது 'இடையறவு வலிப்பு'. இடையறாத முயற்சி, இடையறாமல் பெய்த மழை என்று நாள்தோறும் சொல்கிறோம். அதன் மறுதலையான இடையறவு அகராதியிலும் உள்ளது. தொடர்ந்து சென்ற ஒன்று நடுவில் அறுந்து மீண்டும் தொடர்வது என்ற பொருள், பென்சில் நின்று மறுபடி நகர்வதோடு அப்படியே பொருந்துகிறது. குழந்தையின் மீது பழி எதுவும் அச்சொல்லில் இல்லை.

'வலிப்பு' என்றாலே இழுப்பு, ஆகவே இழுப்பில்லாத இதற்கு அச்சொல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். பெண்பிள்ளையின் திருமணம் தடைப்படும் என்ற அச்சத்தால் அச்சொல்லையே கைவிட வேண்டும் என்றார் இன்னொருவர். அந்த அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. இந்து திருமணச் சட்டத்திலேயே 1999ஆம் ஆண்டுத் திருத்தம் வரை வலிப்பு நோய் ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. இழிவைத் துடைக்கவென்றே கொரியாவில் வலிப்பு நோய்க்கு மூளை மின் தொடர்பான புதுப்பெயர் இட்டார்கள் என்பதும் உண்மை. எனினும் இங்கே வலிப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டால், ஆசிரியரும் பெற்றோரும் இதை வெறும் பழக்கம் என்று விட்டுவிடுவர். மருந்தால் பெரும்பாலும் அடங்கக்கூடிய நோய் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகும். ஆதலால் மூளையின் மின் இயக்கம் தடம்புரளும் எந்நிகழ்வையும் வலிப்பு என்றும், மீண்டும் மீண்டும் வரும் இயல்புடைய நோயை வலிப்பு நோய் என்றும், கைகால் வெட்டி இழுப்பதை வெட்டிழுப்பு என்றும் பிரித்து ஆளலாம். 'இழுப்பு' என்று மட்டும் எழுதினால் மூச்சிரைப்போடு குழம்பும்.

கையேட்டுக்கான வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: "இடையறவு வலிப்பு: முன்னறிவிப்பின்றித் தொடங்கிச் சில நொடிகளில் சட்டென்று முடியும் வலிப்பு, அந்நேரம் குழந்தை செய்வதை நிறுத்தி வெறித்திருக்கும், அழைத்தாலும் தொட்டாலும் எதிர்வினை இராது, முடிந்ததும் உடனே தெளிந்துவிடும்." இதில் 'வெறித்திருக்கும்' என்ற சொல் வெறியை நினைவூட்டும் என்று கருதுவோர் மாற்றுச்சொல் தர வேண்டுகிறேன். 'கண் நிலைகுத்தி' என்பதை எண்ணிப் பார்த்தேன். சாகும் தறுவாயைக் குறிக்க வழங்குவதால் விலக்கினேன்.