டெல்லியில் பரோலுக்கு அலைந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், எங்கள் கதை இது

நரேலா அக்கா:

தம்பி உள்ளே போய் எட்டு வருடம் ஆகிறது. என்ன வழக்கு என்று கேட்காதீர்கள், அதை எழுத வரவில்லை. 2025 ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். அதற்கு அவனைப் பரோலில் எடுக்கப் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

ஜூலை முதல் வாரமே மனு கொடுத்தாகிவிட்டது. பத்திரிகையைத் தமிழில் மட்டும் அடித்திருந்தோம். மனுவோடு இணைக்க இந்தியில் பத்துப் பத்திரிகை தனியாக அடித்தது தண்டச் செலவு. டெல்லி சிறை விதிகள் 2018இல் வீட்டுக் கல்யாணமும் பரோலுக்கு ஒரு காரணம்தான். கடும் நோய், சாவு, மனைவியின் பிரசவத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதது, உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்று மற்றவையும் உண்டு. ஆக, காரணத்தில் வில்லங்கம் இல்லை. வில்லங்கம் முகவரியில் வந்தது.

அவன் பதிவேட்டில் இருந்தது ஜங்புரா மதராஸி கேம்ப் முகவரி. பாராபுல்லா வாய்க்கால் ஓரம் நாங்கள் பிறந்து வளர்ந்த இடம். 2025 ஜூன் 1ஆம் தேதி அங்கிருந்த சுமார் 370 வீடுகளும் இடிபட்டன. 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அதில் நாங்களும் இருந்தோம். மனுவில் நரேலா முகவரியைத்தான் எழுதினோம். ஆனால் சிறையிலிருந்து மேலே போன நாமினல் ரோலில், அதாவது கைதியின் விவரக் குறிப்பில், பழைய முகவரியே இருந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வெரிஃபிகேஷனுக்குக் கிளம்பிய காவலர் வாய்க்கால் ஓரம் போய் நின்றிருக்கிறார். செங்கல் குவியல். ‘குறிப்பிட்ட முகவரியில் வீடும் இல்லை, ஆளும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

இது எங்களுக்குத் தெரிய ஐந்து வாரம் ஆனது. முலாக்காத்துக்கு, அதாவது சிறையில் பார்க்க, போகும்போதெல்லாம் தம்பி, "ஃபைல் போயிருக்குக்கா" என்பான். எங்கே போயிருக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது. பரோல் தருவது சிறை இல்லை, அரசாங்கம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆள் எத்தனை நாள் கழித்திருக்கிறான், நடத்தை எப்படி என்று சிறையில் எழுதி அனுப்புவார்கள். வீட்டைப் பார்த்துப் போலீஸ் எழுதும். இரண்டையும் வைத்து உள்துறையில் முடிவு செய்வார்கள். வெளியே வரும் தேதி என்ற ஒன்று அதற்கெல்லாம் அப்புறம்தான். நாங்களோ முகூர்த்தத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது மனு நிராகரிப்பு. இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் அம்மா சளைக்கவில்லை. "இதுக்கு அப்புறம் சண்டை போடலாம். இப்ப கஸ்டடி பரோல் கேளுங்க" என்றார். போலீஸ் காவலோடு ஆறு மணி நேரம். போகவர ஆகும் நேரம் அதில் சேராது. சிறைக் கண்காணிப்பாளரே கொடுக்கலாம். கிடைத்தது.

நரேலாவில் ஒரு பாராத் கரில், அதாவது கல்யாண மண்டபத்தில், கல்யாணம். வேன் வந்து நின்றபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பொரியிடுவதை மட்டும் ஐயர் தள்ளிப்போட்டிருந்தார், மைத்துனன் கை வேண்டும் என்று. தம்பி சிறை பேக்கரியில் வேலை செய்கிறான். வலது மணிக்கட்டில் அடுப்புப் பட்ட தழும்பு. தங்கை கையைக் குவித்து நீட்ட, இவன் பொரியை அள்ளிப் போட்டான், பாதி கீழே கொட்டியது. பக்கத்தில் சட்டை பேண்ட்டில் நின்ற போலீஸ்காரர் குனிந்து காலடிப் பொரியை ஒதுக்கிவிட்டார். நல்ல மனிதர். பந்தியில் பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கியபோதும் கடிகாரத்தைப் பார்க்கத் தவறவில்லை.

முனிர்கா:

எங்கள் சித்தப்பா விஷயத்தில் நேர் எதிர். டெல்லி வாடகை வீட்டுக்காரர் போலீஸ் வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊர் முகவரியைக் கொடுத்தோம். கடிதம் இங்கிருந்து அங்கே போய், அங்கிருந்து பதில் வந்து... காதுகுத்தே முடிந்துவிட்டது. காதுகுத்தெல்லாம் காரணமா என்று வேறு சிரித்தார்கள்.

பட்டாலியன்காரன்:

தமிழ்நாடு சிறப்புக் காவல் படையிலிருந்து திகார் சிறைப் பாதுகாப்புக்கு வந்து இருந்தவன் நான். ஃபைல் எங்கள் கைக்கு வராது, வாசலும் சோதனையும்தான் எங்களுக்கு. ஆனால் திரும்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கெடு சாயங்காலம் என்றால் காலையிலேயே வந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் தவறினாலும் அடுத்த தடவை கேட்கும்போது அதுதான் முதலில் வந்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அக்கா, உங்கள் தம்பிக்கு எட்டு வருடம் ஆகிறது என்றால் ஏன் ஃபர்லோ, அதாவது நன்னடத்தைக்குத் தரும் விடுப்பு, கேட்கவில்லை? ஐந்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்று, மூன்று வருடம் முடித்து, நடத்தை சரியாக இருந்தால் வருடத்துக்கு ஏழு வாரம்: ஒரு தடவை மூன்று, அப்புறம் இரண்டிரண்டு வாரமாக இரண்டு தடவை. சில குற்றங்களுக்குக் கிடையாது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறைத்துறைத் தலைமையே தருவது, அரசு வரை போக வேண்டாம். முக்கியமாக, ஃபர்லோ நாட்கள் தண்டனையில் கழியும். பரோலில் போன நாட்களைத் திரும்பி வந்து உட்கார்ந்து கழிக்க வேண்டும். உள்ளே இருக்கிறவர்களிலேயே பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

குமாஸ்தா:

இவ்வளவு கெடுபிடிக்கு ஒரு பழைய கதை உண்டு. ஜெசிகா லால் கொலை வழக்கில் தண்டனை பெற்ற மனு சர்மா, 2009இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பரோல் வாங்கிப்போய் இரவு விடுதியில் தென்பட்டார். பெரிய களேபரம். அடுத்த ஆண்டே டெல்லி அரசு பரோலுக்கு வழிகாட்டு நெறிகள் போட்டது. பெரிய இடத்துப் பிள்ளை ஆடிய ஆட்டத்துக்கு வாய்க்கால் ஓரத்து ஆள் வெரிஃபிகேஷனில் மாட்டுகிறான் என்பது என் எண்ணம், நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நம் தமிழ்நாட்டில் இதற்கு விடுப்பு என்றே பெயர், 1982 விதிகள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் வேலூர்ச் சிறையிலிருந்த நளினி, மகள் கல்யாண ஏற்பாட்டுக்கு ஆறு மாதம் கேட்டு, உயர் நீதிமன்றத்தில் தானே வாதாடி, 2019 ஜூலையில் ஒரு மாதம் வாங்கினார். அக்கா, நிராகரிப்பு உத்தரவின் நகல் இருக்கிறதா? அதை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். காரணத்தை யோசிக்காமல் எழுதிய உத்தரவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் பலமுறை ரத்து செய்திருக்கிறது. ஆனால் முதலில் பதிவேட்டில் முகவரியை மாற்றுங்கள்.

நரேலா அக்கா:

மாற்றிவிட்டோம். ஒதுக்கீட்டுக் கடிதம், அம்மாவின் ஆதார், மின்கட்டண ரசீது மூன்றையும் கொடுத்தோம். ஃபர்லோவுக்கும் மனு போட்டாயிற்று. போன வாரம் வெரிஃபிகேஷனுக்கு ஆள் வந்தார். அம்மாவைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். வீட்டு எண் படத்தில் விழவில்லை என்று அம்மாவே நகர்ந்து நின்று, இன்னொன்று எடுக்கச் சொன்னாள்.