பேஸ்பாலில் நோ-ஹிட்டர், அதாவது எதிரணி ஒரு ஹிட் கூட (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்வது) எடுக்காத ஆட்டம், நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நானே ஆரம்பிக்கிறேன். மேஜர் லீக்குக்குக் கீழ்மட்டமான மைனர் லீக்தானே, டிக்கெட் மலிவு, பிள்ளைகளோடு போய் எதையாவது தின்றுவிட்டு வரலாம் என்றுதான் அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் பக்கத்தில் மேடிசன் மைதானத்துக்குப் போனேன். 2023 ஏப்ரல் 8. எங்கள் ஊர் ராக்கெட் சிட்டி ட்ராஷ் பாண்டாஸ், எதிரே சட்டனூகா லுக்கவுட்ஸ். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்பதால் வழக்கமான 9-க்குப் பதில் 7 இன்னிங்ஸ்தான். எங்கள் பிட்சர் (பந்து வீசுபவர்) கோல்மன் க்ரோ 6 இன்னிங்ஸ் போட்டும் ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னும் ஒரு ஹிட் கூட இல்லை பார்த்தியா" என்று மனைவியிடம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன் வரிசைப் பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதாம். நம்ம ஊர் கண்ணேறு மாதிரிதான்.

பட்டுவிட்டது. 7-வது இன்னிங்ஸில் பிட்சரை மாற்றினார்கள். 5 வாக் (தப்பான பந்துகளால் சும்மா கிடைக்கும் பேஸ்), 4 பேர் மேல் பந்து பட்டு அவர்களுக்கும் பேஸ், ஒரு எரர் (ஃபீல்டர் தவறு), இப்படியே எதிரணிக்கு ஒரு ஹிட் கூட இல்லாமலே 7 ரன். போர்டில் ரன் 7, ஹிட் 0 என்று பக்கத்துப் பக்கத்தில் நின்றது. 7-5 தோல்வி. வெளியே வரும்போது பெரியவர் என் பக்கமே திரும்பவில்லை.

---

அண்ணா, உங்களுக்கு நேர் எதிர் கதை பிரிஸ்டலில். நான் அங்கே ஒரு வருடம் வேலை பார்த்தேன், தெருவின் ஒரு பக்கம் டென்னசி, மறுபக்கம் வர்ஜீனியா. முடிவெட்டப் போன கடையில் பேஸ்பால் என்று வாயைத் திறந்தேன், ரான் நெச்சய் என்ற பிட்சரின் கதை முடியும்வரை கத்தரி அந்தரத்திலேயே நின்றது. 1952 மே 13, பிரிஸ்டல் ட்வின்ஸ், எதிரணி வெல்ச் மைனர்ஸ். பையனுக்கு 19 வயது, வயிற்றில் அல்சர் வேறு. நோ-ஹிட்டர், அதிலும் 27 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), 9 இன்னிங்ஸுக்கு மொத்த அவுட்டே 27தான்! 27 பேரையும் அப்படியே அனுப்பினார் என்று நினைக்காதீர்கள். ஒருத்தர் தரையில் உருட்டி அவுட் ஆனார். 9-வது இன்னிங்ஸில் மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் நழுவவிட, ஆள் அவுட் ஆகாமல் முதல் பேஸுக்கு ஓடிவிட்டார், ஆனாலும் அது ஸ்ட்ரைக்அவுட் கணக்குதான், அதனால் அந்த இன்னிங்ஸில் மட்டும் நாலு ஸ்ட்ரைக்அவுட். மேலே மேஜர் லீக்கில் பிட்ஸ்பர்க் அணிக்குப் போன பிறகு ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். அதே மே மாதம் அதே டீமில் பில் பெல் அடுத்தடுத்து இரண்டு நோ-ஹிட்டர் போட்டார், அவரைப் பற்றிக் கேட்டால் கடைக்காரர் "ஆமாம், அவரும்தான்" என்று வெட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது.

---

என் கதை சின்னது. குழந்தை தூங்கிவிட்டாள் என்று 5-வது இன்னிங்ஸில் கிளம்பி வந்தேன், அது நோ-ஹிட்டராக முடிந்தது மறுநாள் ஆபீஸில்தான் தெரிந்தது. ஏழு இன்னிங்ஸ்தானே, மேஜர் லீக்கில் 1991-க்கு அப்புறம் 9 இன்னிங்ஸ் இல்லாமல் நோ-ஹிட்டர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். டிக்கெட் துண்டு இன்னும் பர்ஸில்தான் கிடக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை.