புதிய ஸ்லைஸ் பீட்சா கடையில் முதலில் எதை வாங்கிப் பார்ப்பது?

குயின்ஸ்வாசி:
அனைவருக்கும் வணக்கம். நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் எங்கள் தெருமுனையில், முன்பு சலவைக்கடை இருந்த இடத்தில், பீட்சாவைத் துண்டு துண்டாக விற்கும் கடை ஒன்று அண்மையில் திறந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் பலரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதால், பிற்பகல் நான்கு மணியளவில் சென்று, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்தவற்றுள் பார்வைக்கு எடுப்பாக இருந்த காளான், பசலை, ரிக்கோட்டா என்னும் மென்மையான சீஸ் ஆகியவற்றை ஏற்றிய துண்டை வாங்கினேன். கையில் எடுத்ததும் அதன் நுனி தொளதொளவென்று தொங்கியது. மேலே இருந்தவை காகிதத் தட்டில் சரிந்தன. விளிம்பு சுட்டது, ரிக்கோட்டாவின் நடுப்பகுதியோ சில்லென்றே இருந்தது. இதை வைத்துக் கடையையே ஒதுக்கிவிடலாமா, அல்லது வேறு எதையாவது வாங்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டுமா? அடுத்த மாதம் ஊரிலிருந்து வரும் அம்மாவையும் அழைத்துச் செல்ல விருப்பம். அவர் சுத்த சைவம் என்பதால், அங்கே என்னென்ன விசாரிக்க வேண்டும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அடுப்பங்கரை:
மாணவனாக இருந்தபோது புரூக்ளினில் இப்படிப்பட்ட கடையொன்றில் மாவு தட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதிய கடையில் முதலில் வாங்க வேண்டியது மேலே எதுவும் ஏற்றாத சாதாரண சீஸ் ஸ்லைஸ்தான். மாவும் தக்காளிச் சாறும் சீஸும் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்பதால் எந்தக் குறையையும் மறைக்க முடியாது. மேலும், எந்தக் கடையிலும் அதிகமாக விற்பது அதுவே. ஆகையால் அடுப்பிலிருந்து இறங்கி நெடுநேரம் ஆகாத துண்டு கிடைக்கும் வாய்ப்பும் அதில்தான் கூடுதல். நீங்கள் வாங்கிய வகை மதியக் கூட்டத்துக்காகச் சுடப்பட்டு, நான்கு மணிவரை கண்ணாடிக்குள் காய்ந்துகொண்டிருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நியூயார்க் ஸ்லைஸ் கடைகளில் பெரும்பாலும் இருப்பது எரிவாயுவில் எரியும் அடுக்கு அடுப்பு. அதன் கல்தளத்தின் மேல் பீட்சாவை நேரடியாக வைத்து, ஏறத்தாழ 260 முதல் 290 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுவார்கள். 1905-இல் ஸ்பிரிங் தெருவில் தொடங்கிய லொம்பார்டி என்ற பழைய பீட்சா கடையின் காலத்து நிலக்கரி அடுப்பு இதைவிட மிகவும் சூடானது. முழு பீட்சாவைச் சில நிமிடங்களில் வேகவைத்துவிடும் அதில், வெட்டிய துண்டை நிதானமாகத் திரும்பச் சூடேற்றுவது எளிதன்று. எரிவாயு அடுப்பு பரவிய பிறகே ஸ்லைஸ் வியாபாரம் தழைத்தது. 18 அங்குல வட்டத்தைச் சற்று வேக்காடு குறைவாகவே இறக்கி, எட்டாக வெட்டிவைத்து, வாடிக்கையாளர் கேட்கும்போது ஓரிரு நிமிடம் மீண்டும் கல்லில் வைத்துத் தருவது பல கடைகளின் வழக்கம். இந்த இரண்டாவது வேக்காட்டில்தான் அடிப்பாகம் மொறுமொறுப்பாகிறது. ஈரப்பதம் குறைந்த மொசரெல்லா சீஸ் அந்தச் சூட்டில் மறுபடி நன்றாக உருகிவிடும். ஆனால் குளிர்ந்து கெட்டியாகக் கிடக்கும் ரிக்கோட்டாவின் உட்புறத்துக்கு அந்த நேரத்தில் சூடு எட்டாது, காளானும் பசலையும் விடும் நீர் அடிமாவில் இறங்கிவிடும். உங்கள் தட்டில் நடந்தது இதுதான்.

சீஸ் ஸ்லைஸ் வந்ததும் கடிப்பதற்கு முன் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெளுத்த மாவு நிறமாக இருந்தால் கல் காயவில்லை, அல்லது அவசரத்தில் எடுத்துவிட்டார்கள் என்று பொருள்; பழுப்புப் புள்ளிகள் பரவலாகத் தெரிய வேண்டும். நீளவாக்கில் மடித்துப் பிடித்தால் நுனி ஓரளவு நிமிர்ந்து நிற்க வேண்டும், மடிப்பில் மாவு விண்டுபோகவும் கூடாது. இவையிரண்டும் சரியாக இருந்தும் சுவை பிடிக்கவில்லையென்றால் கடையைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம்.

ஏழாம்எண்ரயில்:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் திறந்த புதிதில் எந்தக் கடையையும் எடைபோட வேண்டாம் என்பது என் கருத்து. புதிய அடுப்பில் எந்த மூலை அதிகம் சுடும் என்பது பழகப் பழகத்தான் பிடிபடும். விலையைப் பொறுத்தவரை, சீஸ் ஸ்லைஸும் சுரங்க ரயில் கட்டணமும் சேர்ந்தே ஏறும் என்றொரு வேடிக்கைக் கணக்கு 1980 முதல் இந்த நகரத்தில் உலவுகிறது. இப்போது பல பேட்டைகளில் ஸ்லைஸ் ரயிலை முந்திவிட்டது. பலகையில் 4 டாலர் என்று போட்டிருந்தால், 8.875 சதவீத விற்பனை வரியும் சேர்ந்து 4 டாலர் 36 சென்ட் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள்.

மோர்க்குழம்பு:
அம்மாவைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இறைச்சி இல்லாத பீட்சா எல்லாம் நம் கணக்கில் சைவம் ஆகிவிடாது. பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரெனட் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கக்கூடும். மொசரெல்லாவில் அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்; நுண்ணுயிர் ரெனட்டால் செய்வோர் பலர் இருக்கிறார்கள், ஆகவே சீஸ் வந்த பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது பெக்கரினோ ரொமானோ என்னும் செம்மறியாட்டுப்பால் சீஸ். அது ஆட்டுக்குட்டி ரெனட்டால் செய்யப்படுவது, பல கடைகளில் அதைச் சுடுவதற்கு முன்பே தூவிவிடுவார்கள், மேசையில் இருக்கும் தூவுகுப்பியிலும் அது இருக்கலாம். சாற்றில் நெத்திலி சேர்க்கிறார்களா என்றும் கேளுங்கள். பெப்பரோனி என்னும் இறைச்சி ஏற்றிய பீட்சாவை வெட்டிய அதே சக்கரக் கத்தியால் சீஸ் பீட்சாவையும் வெட்டுவார்கள் என்பதால், அம்மா அதைப் பொருட்படுத்துபவர் எனில் கத்தியைக் கழுவி வெட்டித்தரும்படி கேட்பதில் தவறில்லை. சீஸே வேண்டாம் என்றால் சில கடைகளில் தக்காளிச் சாறு மட்டும் பூசிய மரினாரா துண்டு கிடைக்கும். ஆனால் அதில் பூண்டு தூக்கலாக இருக்கும்.

குயின்ஸ்வாசி:
இருவருக்கும் மற்றும் ரயில் நண்பருக்கும் மிக்க நன்றி. ரெனட் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இன்னும் ஒரு சந்தேகம்: புதிய வட்டம் இறங்கும்வரை காத்திருக்கிறேன் என்று கல்லாவில் இருப்பவரிடம் சொல்வது நாகரிகக் குறைவாகுமா?

அடுப்பங்கரை:
ஒருபோதும் ஆகாது. அடுத்த சீஸ் பை, அதாவது முழு சீஸ் பீட்சா, எப்போது இறங்கும் என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். காத்திருக்க நேரமில்லையென்றால், சூடேற்றும் துண்டை ‘வெல் டன்’ என்று கேளுங்கள். கல்லில் இன்னும் ஒரு நிமிடம் விட்டுத் தருவார்கள். பெட்டியைக் காட்டச் சொல்வதையும் கத்தியைக் கழுவச் சொல்வதையும் மட்டும் கூட்டம் இல்லாத வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டரைக்கு வரிசையில் நின்றுகொண்டு அதைக் கேட்டால் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள்.