கோடை ஷோகேஸ்: எதுக்குப் போனோம், எதுல ஏமாந்தோம்

எடிசன் அம்மா

போன கோடையில பொண்ணுக்காக நாலு லக்ராஸ் ஷோகேஸ், அதாவது காலேஜ் கோச்சுங்க வந்து பிள்ளைங்க ஆட்டத்தைப் பார்த்து அணிக்கு ஆள் தேடுற ஈவென்ட். நுழைவுக் கட்டணம், ஓட்டல், விமானம் எல்லாம் கூட்டிப் பார்த்தா ஆறாயிரம் டாலரைத் தாண்டிடுச்சு. வீட்டுக்காரர் லேப்டாப்பை மூடிட்டு ஒண்ணும் பேசாம மாடிக்குப் போயிட்டார்.

எங்க வீட்ல லக்ராஸ் பத்தி யாருக்கும் எதுவும் தெரியாது. ஆறாவது படிக்கிறப்போ பள்ளிக்கூடத்துல வலை கட்டின குச்சியைக் கையில குடுத்தாங்க, பொண்ணு இன்னும் கீழ வைக்கல. மிட்ஃபீல்ட் ஆடுறா. நாங்க ஈவென்ட் தேர்ந்தெடுத்த லட்சணம் என்னன்னா, எந்த வெப்சைட்ல காலேஜ் லோகோ அதிகமோ அங்க பணம் கட்டினோம். ஒரு இடத்துல எண்பது லோகோ போட்டிருந்தாங்க. மைதானத்துல நானே எண்ணினேன், காலேஜ் டி-ஷர்ட் போட்டுக்கிட்டு மடக்கு நாற்காலியில உக்காந்திருந்தவங்க பதினோரு பேர்.

அது தனித்தனியா பதிவு பண்ற ஷோகேஸ். பிள்ளைங்களை அங்கேயே அணி பிரிச்சு விட்டுடுவாங்க. முன்னபின்ன பார்க்காத பொண்ணுங்க. பந்து கிடைச்சவ பாஸ் குடுக்க மாட்டேங்கிறா. அவ அம்மாவும் பணம் கட்டித்தானே கூட்டிட்டு வந்திருக்காங்க! மத்தியானம் வரைக்கும் என் பொண்ணு பந்தைத் தொட்டது ஆறு தடவை. திருச்சியிலேர்ந்து வந்திருந்த மாமியார் குடைக்குக் கீழ உக்காந்து, "இவ எதுக்கு சும்மா ஓடிக்கிட்டே இருக்கா?"ன்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்ல?

அப்போ ஒன்பதாவது முடிச்சிருந்தா. இந்த ஜூன்ல பத்தாவது முடியுது. இந்தக் கோடைதான் முக்கியம்னு கிளப்ல சொல்றாங்க. போயிட்டு வந்தவங்க நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.

மேரிலாந்து அப்பா

உங்க கிளப் சொல்றது சரிதான். காலேஜ் விளையாட்டுல மூணு மட்டம், அதுல மேல இருக்கிற டிவிஷன் 1 கோச் யாரும் பதினோராம் வகுப்பு தொடங்குற வருஷம் செப்டம்பர் 1 வரைக்கும் பிள்ளையோட ரெக்ரூட்டிங், அதாவது அணிக்கு எடுக்கிற பேச்சே எடுக்கக் கூடாது. காலேஜ் விளையாட்டுகளுக்கு விதி போடுற அமைப்பான என்சிஏஏ 2017ல கொண்டுவந்த விதி. அதுக்கு முன்னாடி எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பொண்ணுங்களே இந்தக் காலேஜ்ல ஆடுறேன்னு வாய்மொழியா கமிட் ஆன கூத்தெல்லாம் நடந்திருக்கு. இப்போ அவங்க பத்தாவது முடிச்ச கோடையில நல்லாப் பார்த்து வச்சுக்கிட்டு, செப்டம்பர் 1 அன்னைக்குக் கூப்பிடுவாங்க.

இது தெரியாம நான் ஒரு காரியம் பண்ணேன். ஒரு ஜூலை மாசம், கோட்டு ஓரமா ஒரு கோச் நின்னுட்டிருந்தாங்க. என் பொண்ணு ஆசைப்பட்ட காலேஜ். நான் போய் வணக்கம் சொல்லி, "உங்களுக்கு மூணு மெயில் போட்டாளே, பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். அவங்க "ஹாய்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கிட்டு அடுத்த மைதானத்துக்குப் போயிட்டாங்க. என்ன திமிர்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வண்டி ஓட்டினேன். பொண்ணுதான் பின்சீட்லேர்ந்து, "அப்பா, அவங்க பேசினா அவங்களுக்குத்தான் பிரச்சினை"ன்னா. நாம மெயில் அனுப்பலாம், அவங்க படிக்கலாம். பதில் மட்டும் போட முடியாது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 31 ராத்திரி எங்க வீட்ல யாரும் தூங்கல. பன்னெண்டு மணிக்கு அவ தோழிகளுக்கு மெசேஜ் வந்து விழுது. எங்க வீட்டு போன் மேஜை மேல கிடந்துச்சு, ஒரு சத்தம் இல்ல. பன்னெண்டே முக்காலுக்கு அவளே அதைக் கவுத்து வச்சுட்டு, "பசிக்குது"ன்னா. தோசை வார்த்தேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு காலேஜ்லேர்ந்து மெயில் வந்துச்சு. அந்தக் கோச் அவளைப் பார்த்தது பெரிய ஷோகேஸ் எதுலயும் இல்ல. ஜூன்ல அவங்க வளாகத்துலயே, அணிக்கு எடுக்கலாமான்னு பார்க்க அவங்களே நடத்தின ஒருநாள் பிராஸ்பெக்ட் கேம்ப்ல.

இன்னொண்ணு. 2025 ஜூன்ல ஹவுஸ் வழக்கு உடன்பாடு, காலேஜே ஆட்டக்காரங்களுக்கு நேரடியா பணம் குடுக்கலாம்னு ஆக்கினது, வந்துச்சு இல்லையா, அதுல சேர்ந்த காலேஜ்கள்ல பெண்கள் லக்ராஸ் அணிக்கு உச்சவரம்பு 38 பேர். முன்ன ஸ்காலர்ஷிப்புக்குத்தான் 12ன்னு வரம்பு, ஆள் கணக்குக்கு இல்ல. அணிக்கு நாற்பதுக்கு மேல வச்சிருந்த இடங்கள்ல இப்போ கை இறுகியிருக்கு. பட்டியல் போடுறப்போ ஒவ்வொரு காலேஜ் அணியிலயும் எந்த வருஷத்துல எத்தனை பேர், உங்க பொண்ணோட இடத்துல யார் யார் பட்டம் வாங்கிட்டுப் போறாங்கன்னு பாருங்க. எல்லாம் அவங்க வெப்சைட்லயே இருக்கு.

டாலஸ் கோலி அம்மா

எங்க கதை வேற. டெக்சஸ்லேர்ந்து எது ஒண்ணுக்கும் கிழக்குக்குப் பறக்கணும். என் பொண்ணு கோலி, அதாவது கோல்கீப்பர். பேடு, ஹெல்மெட், குச்சி எல்லாம் தனிப் பை, அதுக்குத் தனிக் காசு. ஒரு தடவை ஆரவாரமா விளம்பரம் பண்ணின ஈவென்ட்டுக்குப் பணம் கட்டி, டிக்கெட் போட்டு, அவங்க சொன்ன ஓட்டல்லயே தங்கினோம். அங்கதான் தங்கணும்னு கட்டாயம், பக்கத்துல பாதி விலைக்கு அறை கிடைச்சும்! போய்ப் பார்த்தா டிவிஷன் 1 கோச் ஒருத்தர்கூட இல்ல. விசாரிச்சா, அந்த வாரம் என்சிஏஏ காலண்டர்ல டெட் பீரியட். அந்த நாட்கள்ல அவங்க எந்த ஆட்டத்தையும் நேர்ல வந்து பார்க்கவே கூடாது. ஈவென்ட் நடத்துறவங்களுக்கு இது தெரியாம இருந்திருக்குமா? அதுலேர்ந்து காலண்டரைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் கிரெடிட் கார்டை எடுக்கிறேன்.

கோலி வச்சிருக்கவங்களுக்கு ஒரு தகவல். தனிநபர் ஷோகேஸ்ல கோலிக்குப் பஞ்சம், அதனால பல இடத்துல கட்டணத்தைக் குறைப்பாங்க. கேட்டாத்தான் குடுப்பாங்க. அணியா ஆடுற போட்டியில ரெண்டு கோலி இருந்தா பாதி ஆட்டம்தான் உங்க பொண்ணுக்கு. எந்தப் பாதின்னு முன்னாடியே கேட்டு, நீங்க வரச் சொல்லியிருக்கிற கோச்சுக்கு எழுதிடுங்க. முதல் பாதி முழுக்க உக்காந்து வேற பொண்ணைப் பார்த்துட்டு எழுந்து போன கோச்சை என் கண்ணால பார்த்தேன்.

மூணாம் வருஷம், டிவிஷன் 3

ஆன்ட்டி, நான் மாசச்சூசெட்ஸ்ல ஒரு காலேஜ்ல ஆடுறேன். அம்மா அப்பா மதுரை. என் தமிழ்ல தப்பிருந்தா மன்னிச்சுக்கோங்க.

நான் ஈவென்ட்டை முதல்ல பார்க்கல. பன்னெண்டு காலேஜ் எழுதினேன்: எனக்குப் படிக்கப் பிடிச்சது, என் மார்க்குக்கு எட்டுறது, என் ஆட்டத்துக்கு எட்டுறது. அப்புறம் அந்தக் கோச் எல்லாருக்கும் மெயில் போட்டு, "இந்தக் கோடையில நீங்க எங்க போறீங்க?"ன்னு கேட்டேன். டிவிஷன் 3 கோச் பதில் போடலாம், அவங்களுக்கு அந்த செப்டம்பர் விதி கிடையாது. ஏழு பேர் போட்டாங்க. அதுல அஞ்சு பேர் ஒரே போட்டியைச் சொன்னாங்க. அப்புறம் எதுக்கு யோசிக்கணும்?

போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி திரும்ப மெயில்: மைதான எண், நேரம், ஜெர்சி எண், பின்னி (ஈவென்ட்ல குடுக்கிற கையில்லாத சட்டை) நிறம். இந்த எண் விஷயத்துல ஜாக்கிரதை. எனக்கு 14னு ரோஸ்டர்ல, அதான் ஆட்டக்காரங்க பட்டியல்ல, இருந்துச்சு. காலையில பின்னியைத் தூக்கிப் போட்டாங்க, பார்த்தா 41. கோச் கையில இருக்கிற ஆப்ல 41ன்னா அது ஜார்ஜியாவுல ஒரு டிஃபென்ஸ் பொண்ணு! முதல் ஆட்டத்துல மூணு கோல் போட்டேன், மூணும் அவ கணக்குல போயிருக்கும். அம்மா ரெஜிஸ்ட்ரேஷன் மேஜைக்கு ஓடிப் போய் மாத்தி எழுத வச்சாங்க. நான் அந்த அஞ்சு கோச்சுக்கும் போன்லயே மெயில் அடிச்சேன். ஒருத்தர் ரெண்டாவது ஆட்டத்துக்கு வந்தார்.

மிடில்பரி மாதிரி காலேஜ் இருக்கிற நெஸ்கேக்ல (டிவிஷன் 3 காலேஜ்கள் சேர்ந்த ஒரு லீக்) விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. டிவிஷன் 3 முழுக்கவே அப்படித்தான், ஐவி லீக்லயும் கிடையாது. ஆனா பதினொண்ணாவது முடிஞ்ச ஜூலை 1க்கு மேல உங்க மார்க்கைக் கோச் அட்மிஷன் ஆபீஸுக்கு அனுப்பி, இந்தப் பொண்ணு தேறுவாளான்னு முன்கூட்டியே கேட்பாங்க. ப்ரீ-ரீட்னு பேர். அதனால எங்களுக்கு அந்தக் கோடையும் முக்கியம், பத்தாவது முடிஞ்சதோட கதவு மூடிடாது. டிவிஷன் 1ல பெண்கள் லக்ராஸ் அணிகள் நூத்துச் சொச்சம்தான், டிவிஷன் 3ல அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. யாரும் சொல்லாததால நம்ம ஆளுங்க பார்க்கிறதே இல்ல.

லாங் ஐலண்ட் அப்பா

எல்லாரும் தனிநபர் ஷோகேஸை அடிக்கிறீங்க, நான் அந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன். கோச்சுகளோட சங்கம் ஐடபிள்யூஎல்சிஏ நடத்துற போட்டிகள் இருக்கே, ஜூலையில வர்ஜீனியாவுல கேபிடல் கப் மாதிரி, அங்க கோச்சுங்க குவிவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அது கிளப் அணிகளுக்கானது. கிளப் விண்ணப்பிச்சு இடம் வாங்கணும். எங்க சின்ன கிளப்புக்குக் கிடைக்கல. பொண்ணுக்காக கிளப் மாத்த மனசு வரல, ஏழு வருஷமா அதே கோச். அவளுக்கு தனிநபர் ஷோகேஸ்தான் வழி.

ஒண்ணே ஒண்ணு போனோம். போன வருஷம் நிஜமா வந்த கோச்சுகளோட பெயர்ப் பட்டியலைக் கேட்டேன், வரப்போறவங்களோடது இல்ல. ஒரு இடத்துல மழுப்பினாங்க, இன்னொரு இடத்துல ஒரே நாள்ல அனுப்பினாங்க. அனுப்பினவங்ககிட்ட போனோம். அங்க காலேஜ் கோச்சுங்களே அணிக்கு ஒருத்தரா நின்னு ஆட வச்சாங்க. ஆளைத் தாண்ட முடியாதப்போ அவ என்ன பண்றா, தப்பு பண்ணினா முகத்தை எப்படி வச்சுக்கிறான்னு ரெண்டு நாள் பக்கத்துலேர்ந்து பார்த்தாங்க. இப்போ அதுல ஒருத்தரோட அணியிலதான் இருக்கா.

எடிசன் அம்மா

நேத்து ராத்திரி பொண்ணை உக்கார வச்சு பட்டியல் போடச் சொன்னேன். பதினாறு எழுதினா, அதுல அஞ்சு டிவிஷன் 3. நான் சொல்லாமலே. மெயில் அவளேதான் எழுதணும்னுட்டா, என்னைப் படிக்கக்கூட விடல.

ரெண்டு ஈவென்ட்டை ரத்து பண்ணியாச்சு, ஒண்ணுல முன்பணம் போச்சு. கிளப்போட ஜூலைப் போட்டி இருக்கு. ஒரு வளாக கேம்ப் பார்த்து வச்சிருக்கோம், ஆனா போட்டி முடியுற ஞாயிறு சாயங்காலம் வர்ஜீனியா, கேம்ப் மறுநாள் காலையில பென்சில்வேனியா. மாமியாரும் வண்டியில இருப்பாங்க. யாராவது அப்படி அடுத்தடுத்து போயிருக்கீங்களா? பிள்ளைக்குக் கால் தாங்குமா?

மேரிலாந்து அப்பா

தாங்காது. நாங்க போனோம், ரெண்டாம் நாள் அவ மெதுவா ஓடினதைத்தான் அந்தக் கோச் பார்த்தாங்க. அதே காலேஜ் ஆகஸ்ட்ல இன்னொரு கேம்ப் வைக்குதான்னு கேட்டுப் பாருங்க. வழியில தங்கணும்னா எங்க வீடு பால்டிமோர் பக்கம்தான், அம்மாவையும் கூட்டிட்டு வாங்க.