கருப்பனை எந்த வயதில் வரைவது?

தூரிகைவால்:
பதினெட்டு வருஷமா நாய், பூனை, குதிரைன்னு வரையறேன். பெரும்பாலும் சாஃப்ட் பேஸ்டல், அதாவது விரலால தேய்க்கற மாதிரி மெத்துன்னு இருக்கற வண்ணக்குச்சி. அடுத்தவங்க வீட்டு நாய்னா கை தானா ஓடும். இப்ப நின்னுபோச்சு.

நண்பன் ஒருத்தன். நான் வரையறப்ப பின்னாடி உட்கார்ந்து "காது ஒரு நூல் கீழ இறங்கணும்டா"ன்னு சொல்லுவான். அவனுக்குக் கோடு கூட நேரா போடத் தெரியாது, ஆனா சொன்னா சரியா இருக்கும், எரிச்சலா வரும். நாலு வருஷத்துக்கு முன்னாடி போயிட்டான். அவன் வளர்த்த நாய் கருப்பன் என்கிட்ட வந்தான். முதல் மாசம் முழுக்க வாசலைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். அப்புறம் நண்பன் உட்கார்ற அந்த நாற்காலிக்கு அடியில இடம் பிடிச்சான். போன மாசம் அவனும் இல்லை. வயசு பதினாலு.

ரெண்டு போட்டோ இருக்கு. ஒண்ணு மூணு வயசுல எடுத்தது, ஓரத்துல நண்பன் கை தெரியும். இன்னொண்ணு போன வருஷம்: முகவாய் வெளுத்து, கண்ணுல நீலப்புகை. சின்ன வயசுக் கருப்பனை எனக்கு அவ்வளவா தெரியாது. கிழவனை வரையலாம்னா கண்ணு வரமாட்டேங்குது, மூணு தடவை போட்டுத் துடைச்சாச்சு. இத்தனை வருஷமா, கேட்டவங்களுக்கெல்லாம் அந்தப் புகையை எடுத்துட்டுத்தான் வரைஞ்சு கொடுத்திருக்கேன். எந்தப் போட்டோவை வெச்சு வரையறது?

கரித்துண்டு:
முதல்ல கண்ணு. வயசான நாய்க்கு வர்ற அந்த நீலம் பெரும்பாலும் கண்புரை இல்லை. லென்ஸ் இறுகறதால வர்றது. பார்வை பெருசா கெடாது, உங்களை நல்லாவே பார்த்திருப்பான்.

புகை இருக்கறது கண்ணுக்குள்ள. வெளிச்சப் புள்ளி விழறது வெளிப்பரப்புல. நீங்க ரெண்டையும் சேர்த்து மழுப்பறீங்கன்னு நினைக்கறேன், அதான் கண்ணு செத்துப்போகுது. கண் பாப்பாவுக்குக் கறுப்பு வேண்டாம், சாம்பல் கலந்த நீலத்தை விரலால தேய்ச்சு உள்ள தள்ளுங்க. கடைசியில வெளிச்சப் புள்ளியை ஒரே குத்தா, விளிம்பு கூர்மையா வைங்க. அதைத் தேய்க்கக் கூடாது.

கறுப்பு ரோமத்துக்கும் இதேதான். முதுகுல வானத்தோட நீலம், வெயில் ஊடுருவுற காது ஓரத்துல செம்பழுப்பு. கறுப்புக் குச்சி கடைசியில, அதுவும் கொஞ்சமா.

மூணுபூனைவீடு:
நான் வரையறவள் இல்லை, வரைஞ்சு வாங்கினவள். எங்க பூனைக்கு இடது காது நுனி கிழிஞ்சிருக்கும். ஓவியர் நல்ல மனசோட அதைச் சரிபண்ணிக் கொடுத்துட்டார். அழகான படம், சுவத்துல மாட்டியிருக்கேன். ஆனா அது வேற யார் வீட்டுப் பூனையோ. புகையை எடுக்காதீங்க.

பழையசட்டகம்:
லேண்ட்சீர்னு ஒரு ஆங்கிலேய ஓவியர், அவர் 1837-ல வரைஞ்ச படம் ஒண்ணு உண்டு. இறந்துபோன கிழட்டு இடையனோட சவப்பெட்டி மேல நாய் தலையைச் சாய்ச்சிருக்கும். ஆள் முகமே கிடையாது. பெட்டி மேல கிடக்கிற போர்வை நாயோட காலுக்கு அடியில இழுபட்டுக் கிடக்கும், எனக்கு அந்த நாயோட முகத்தை விட அந்தச் சுருக்கம்தான் பெருசு. நண்பரைக் காட்ட அவர் கை வேணும்னு இல்லை. நாற்காலி இருக்கே.

கரித்துண்டு:
லேண்ட்சீர் எனக்குக் கொஞ்சம் அதிகமா அழுவார். ஆனா நாற்காலி நல்ல யோசனை. இன்னொண்ணு, அந்த மூணு வயசுப் போட்டோ போன்ல கிட்ட போய் எடுத்ததா? அப்ப மூக்கு பெருத்து, காது பின்னால போயிருக்கும். அதை வெச்சு அளவு எடுக்காதீங்க.

தூரிகைவால்:
ஆமா, முகத்துக்கு ஒரு முழம் தூரத்துல எடுத்தது. அந்தப் போட்டோவை உள்ள வெச்சுட்டேன்.

நேத்து ராத்திரி கிழவனையே எடுத்தேன், நாற்காலிக் கால் ரெண்டுக்கும் நடுவுல. புள்ளியை ஒரே குத்தா வெச்சேன் (கை நடுங்குச்சு, லேசா விலகிப்போச்சு, விட்டுட்டேன்). பார்த்தான். வலது காது போட்டு முடிச்சு, பழக்க தோஷம், "எப்படிடா?"ன்னு பின்னாடி திரும்பிட்டேன். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துட்டு, காதை ஒரு நூல் இறக்கினேன்.

மூக்கு இன்னும் வரலை. அந்த ஈரத் தோல் எப்பவுமே எனக்குத் தகராறு. யாராவது வரைஞ்சிருந்தா கிட்டத்துல எடுத்த படம் போடுங்க.