விறகு அடுப்புக்கு அடியில் இரும்புத் தகடு போதுமா? அவசரம்

தாமிரபரணி:
வணக்கம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ட்ரூரோவுக்குப் பக்கத்தில் பழைய மர வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடம் இருந்த விறகு அடுப்பைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். கூடத்தில் வைத்து, வீட்டில் ஏற்கெனவே இருந்த புகைபோக்கியோடு இணைத்தும் கொடுத்தார். அடியில் இரும்புத் தகடு போட்டிருக்கிறோம். நேற்று இரவு முதன்முறையாகப் பற்றவைத்தோம். சிறிது நேரத்தில் தரைப் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகுவதுபோல நாற்றம் வந்தது. டைல் போட்டால் சரியாகிவிடுமா? எந்த டைல் வாங்குவது? கணவருக்கு ஹாலிஃபாக்ஸில் இரவுப் பணி. வீட்டில் நானும் இரண்டு வயது மகனும்தான். இன்றிரவு மைனஸ் 14 என்கிறார்கள். தயவுசெய்து யாராவது உடனே சொல்லுங்கள்.

மேப்பிள் நிழல்:
சகோதரி, விறகு அடுப்பே வேண்டாம். மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போடுங்கள். விறகு வாங்கி, அடுக்கி, சாம்பல் அள்ளி, வருடந்தோறும் புகைபோக்கியைத் துடைத்து... கைக்குழந்தையோடு இது நடக்கிற காரியமா? எங்கள் வீட்டில் ஹீட் பம்ப் வந்த பிறகுதான் நிம்மதி.

கொக்குவிலான்:
பிள்ளை, பயப்படாதே. 1987இல் நான் மொன்றியலில் வந்து இறங்கியபோது நிலவறை அறை ஒன்றில் ஆறு பேர் இருந்தோம். வெப்பத்தைக் கூட்டும் பொறியை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருப்பார். ஜன்னலின் உட்பக்கம் பனி படிந்து கிடக்கும். இரவு வேலைக்குப் போகிறவனின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பகல் வேலைக்காரன் உறங்குவான். சப்பாத்துக்குள் நாளிதழ்த் தாளைத் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற காலம் அது. அதையெல்லாம் கடந்துதான் வந்தோம், நீயும் கடந்துவிடுவாய். தகடு போதும் என்றுதான் நினைக்கிறேன். என் நண்பரின் மலைவீட்டில் வெறும் தகட்டின்மேல்தான் அடுப்பு நிற்கிறது, பல வருடமாக ஒன்றும் ஆகவில்லை.

வெர்மான்ட்வாசி:
தகடு போதாது. சிமென்ட் பலகை போட்டு அதன்மேல் டைல் ஒட்டுங்கள். கதவுக்கு முன்னால் 16 அங்குலம் வரவேண்டும்.

பனிமலர்:
16 என்பது அமெரிக்கக் கணக்கு. கனடாவில் 18. இங்கே இருப்பவருக்கு அங்கே உள்ள அளவைச் சொல்லாதீர்கள்.

வெர்மான்ட்வாசி:
என் அடுப்பின் கையேட்டில் உள்ளதைத்தான் சொன்னேன். இரண்டு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது?

பனிமலர்:
கதவைத் திறக்கும்போது உருண்டு விழுகிற கங்கு விதியைப் படித்துவிட்டு விழாது. ஆனால் காப்பீட்டுக்காரர் படித்துவிட்டுத்தான் வருவார். எங்கள் காப்பீட்டு நிறுவனம் அடுப்பு இருப்பது தெரிந்ததும் பாலிசியை நிறுத்தப் போவதாகக் கடிதம் போட்டது. ஆய்வு செய்பவரைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மேப்பிள் நிழல்:
காப்பீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கட்டணம் ஏற்றும்போது மட்டும் கடிதம் தவறாமல் வரும்.

கேப் பிரெட்டன் கவி:
ஹீட் பம்ப் என்று சொல்கிறவர்கள் 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் அடித்தபோது எங்கே இருந்தீர்கள்? எங்கள் தெருவில் மின்சாரம் போய், வரப் பல நாள் ஆயிற்று. மின்சாரம் இல்லாத வீட்டில் ஹீட் பம்ப் சுவரில் மாட்டிய வெறும் பெட்டிதான். அடுப்பு வைத்திருந்த வீட்டில் போய்த்தான் குழந்தைக்குப் பால் காய்ச்சினோம். வீடு விற்கும்போது முகவர்கள் இதையெல்லாம் சொல்வதே இல்லை.

கொக்குவிலான்:
முகவர்களைப் பற்றிச் சொன்னாய், சரி. நாங்கள் முதல் வீடு வாங்கியபோது...

மாங்டன் அடுப்புக்காரர்:
ஐயா, மன்னியுங்கள், அந்தப் பெண்ணின் வீட்டில் தரை கருகுகிறது. நான் நியூ பிரன்சுவிக்கில் அடுப்பு பொருத்தும் வேலையில் இருக்கிறேன்.

தங்கையே, இன்றிரவு அந்த அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. இப்போது கங்கு இருந்தால் காற்று வரும் வழியை மூடி, தானாக அணைய விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சாம்பலை இப்போது அள்ள வேண்டாம். அள்ளும்போது மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே மரத்தில் படாமல் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரே அறையில் படுத்து அதை மட்டும் மின் ஹீட்டரால் சூடாக்குங்கள். ஹீட்டரைச் சுவர்ப் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள், நீட்டிப்பு வயர் வேண்டாம். சமையலறைக் குழாயை மெல்லிய நூலாக ஓடவிட்டால் தண்ணீர்க் குழாய் உறையாது. புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு கருவியும் வேலை செய்கின்றனவா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இனி எனக்குத் தெரிய வேண்டியவை: தகட்டுக்கு அடியில் என்ன தரை? அடுப்புக்குக் கால் உண்டா, பீடமா? பின்பக்கம் உலோகச் சீட்டு ஒட்டியிருக்கிறதா? சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? புகைக்குழாய் ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா?

தாமிரபரணி:
நன்றி அண்ணா. அடுப்பு அணைந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் கருவிகள் இரண்டும் சத்தம் போடுகின்றன. தரை லேமினேட். குட்டையான நான்கு கால்கள், என் கைவிரல்கள் மட்டும் நுழையும். பின்னால் சீட்டு இருக்கிறது, வார்னாக் ஹெர்சி என்று போட்டிருக்கிறது. சுவருக்கு ஓர் அடி இருக்கும். குழாய் ஒற்றைதான், கறுப்பு நிறம். இணைப்பில் வெளிப்பக்கம் தார்போல ஏதோ வழிந்து காய்ந்திருக்கிறது. இது முக்கியமா?

மாங்டன் அடுப்புக்காரர்:
மிக முக்கியம். முதலில் தரையைச் சொல்கிறேன்.

இரும்புத் தகடு கங்கைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. சூட்டை வாங்கி அப்படியே கீழே கடத்திவிடும். லேமினேட் என்பது அழுத்திய மரத்தூள்மேல் பிளாஸ்டிக் தோல், நீங்கள் முகர்ந்தது அதைத்தான். மரம் நாள்பட்ட சூட்டில் கரியாக மாறிக்கொண்டே வந்து, வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். பல வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது அதனால்தான் ஆறுதல் இல்லை.

வார்னாக் ஹெர்சி என்பது அடுப்பைச் சோதித்துத் தரும் சான்று முத்திரை. அந்தச் சீட்டைக் குழந்தை தூங்கியதும் படம் எடுங்கள். சுவருக்கும் குழாய்க்கும் விட வேண்டிய தூரம் அதில் அச்சாகியிருக்கும். தரைக்குக் கங்குத் தடுப்பு மட்டும் போதுமா, வெப்பத் தடுப்பும் வேண்டுமா என்பது சீட்டிலோ கையேட்டிலோ இருக்கும். மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கையேடு பெரும்பாலும் கிடைக்கும். வெப்பத் தடுப்புக்கு ஆர் மதிப்பு என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள், எண் கூடினால் சூட்டைத் தடுக்கும் திறனும் கூடும். டைலுக்கு அந்த மதிப்பு ஏறக்குறைய இல்லை. அரை அங்குலச் சிமென்ட் பலகைக்குச் சுமார் 0.2தான். கையேடு 1 கேட்டால் ஒரு பலகையும் டைலும் எந்த மூலைக்கு? வெர்மான்ட் நண்பர் சொன்னது கங்குக்குச் சரி, வெப்பத்துக்குச் சரியா என்பதை உங்கள் அடுப்புதான் சொல்ல வேண்டும். கால் இவ்வளவு குட்டை என்பதால் எனக்கு வெப்பத்தடுப்பின் மேல்தான் சந்தேகம்.

அளவில் பனிமலர் சொன்னதே இங்கே செல்லும். விறகு போடும் கதவுக்கு முன்னால் 450 மில்லிமீட்டர் (சுமார் 18 அங்குலம்), மற்றப் பக்கங்களில் 200. கையேடு அதிகம் கேட்டால் அதையே பின்பற்றுங்கள்.

லேமினேட்டின்மேல் டைல் ஒட்டாதீர்கள். அது தரையோடு ஒட்டாமல் மிதக்கிற தளம். அடுப்பின் எடையில் அசையும், பூச்சு விரிசல் விடும், விரிசலில் கங்கு இறங்கும். மேடை வரும் அளவுக்கு லேமினேட்டை வெட்டி எடுத்து, அடித்தளப் பலகையின்மேல் மேடையைக் கட்டுங்கள்.

இனி அந்தத் தார். அது கிரியோசோட். புகை குளிர்ந்து படிவது, எரியக்கூடியது. குழாயின் சுருக்கம் வைத்த முனை கீழ்நோக்கி, அடுத்த துண்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். அப்போது வழிவது உள்ளேயே அடுப்புக்குத் திரும்பும். வெளியே வழிந்திருந்தால் குழாயைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார்கள். காய்ந்த தார் நேற்றையதாக இருக்காது, பக்கத்து வீட்டிலேயே அப்படித்தான் இருந்திருக்கும். இணைப்புக்கு மூன்று திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய சுவருக்கும் நடுவே 450 மில்லிமீட்டர் வேண்டும். உங்கள் குழாய்க்கும் அந்த ஓர் அடிதான் என்றால் 300தான் இருக்கிறது. உரிய கவசம் வைத்தால் குறைக்கலாம், அல்லது இரட்டைச் சுவர்க் குழாய்க்கு மாறலாம்.

பழைய புகைபோக்கிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. விறகு அடுப்புகளை ஆய்வு செய்வதற்கான வெட் (WETT) சான்று பெற்றவர் வந்து அதைப் பார்க்கும்வரை நெருப்பு வேண்டாம். நகராட்சியில் அனுமதி வேண்டுமா என்றும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எந்த ஆய்வு வேண்டும் என்றும் நாளைக் காலை கேளுங்கள்.

கொக்குவிலான்:
தகடு போதும் என்ற என் பேச்சை விட்டுவிடு, பிள்ளை. தம்பி சொல்வதைச் செய். நண்பருக்கும் இப்போதே அழைத்துச் சொல்கிறேன்.

தாமிரபரணி:
மகன் தூங்கிவிட்டான், சீட்டைப் படம் எடுத்துவிட்டேன். தரைக்கு வெப்பத்தடுப்பு வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது. இணைப்பில் திருகு ஒன்றே ஒன்றுதான். காலையில் காப்பீட்டுக்குப் பேசுகிறேன். மேடையைக் கணவரே கட்டலாமா?

மாங்டன் அடுப்புக்காரர்:
கட்டலாம். கையேட்டில் கேட்ட மதிப்பு வரும்வரை அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்கையும் அளவு நாடாவோடு படம் எடுத்து, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். டைல் ஒட்டிய பிறகு அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆய்வாளர் அதைத்தான் முதலில் கேட்பார். குழாயை மட்டும் அவர் வருமுன் தொடாதீர்கள்.