பெயர்த் தகடு இல்லாத நம்மவர்கள்

எங்கள் ஊர் தன்பியூசயாட், மோல்மேனுக்குத் தெற்கே. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதை பர்மாப் பக்கம் தொடங்கிய இடம். இங்கே இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 3,149 காமன்வெல்த் வீரர்களும் 621 டச்சு வீரர்களும் அடக்கம்.

தண்ணீர்த் திருவிழா ஓய்ந்த பிறகு, போரில் மாண்ட தங்கள் வீரர்களை நினைக்கும் ஏப்ரல் 25 அன்சாக் நாளுக்கு ஆஸ்திரேலியர்கள் வருவார்கள். விடியுமுன்னே பிள்ளைகள் நாங்கள் வேலியோரம் கூடிவிடுவோம். பியூகிள் ஊதினால் ஒருவரும் அசையமாட்டார்கள். இங்கே நிமிர்ந்து நிற்கும் கற்கள் கிடையாது. தரையோடு சின்ன மேடை, அதன்மேல் வெண்கலத் தகடு. பெயரைத் தொடக் குனிந்தே ஆகவேண்டும். வயதான வெள்ளைக்காரர் ஒருவர் மண்டியிட்டு, ஒரு பெயரை விரலால் தடவித் தடவி அழுததை நான் பார்த்தேன். அவர் அண்ணனோ, தோழனோ.

வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பத்தா முதலில் கேட்பது, "நம்மாளுக பேரை வாசிச்சாகளா?"

வாசிக்கவில்லை. எப்படி வாசிப்பார்கள்? 415 கிலோமீட்டர் பாதை. செத்த போர்க் கைதிகள் சுமார் 13,000 பேர். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏற்றிவந்த தமிழர்கள், ஜாவாக்காரர்கள், பர்மியர்கள் என்று செத்த கூலிகளோ 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். காலராவும் பட்டினியும் அள்ளிக்கொண்டு போயின. கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், யாரை எங்கே புதைத்தோம் என்று ஒளித்து ஒளித்துக் குறித்துவைத்தார்கள். அதனால்தான் போருக்குப் பின் தோண்டியெடுத்து இங்கே கொண்டுவர முடிந்தது. நம்மவர்களுக்குக் குறித்துவைக்க யார் இருந்தார்?

ஆடி அமாவாசைப் படையலில் அப்பத்தா ஓர் இலை கூடுதலாகப் போடுவாள். "பாதையில கெடக்குற புள்ளைகளுக்கு" என்பாள். அந்த இலைக்கு முதலில் சோறு வைத்த பிறகுதான் தாத்தா இலைக்கே வைப்பாள். நான் பார்த்த அஞ்சலிகளில் அதற்கு மேல் ஒன்றை வைக்க எனக்கு மனம் வராது.

—

அக்கா, நான் ரங்கூன் பக்கம். பள்ளியில் படிக்கும்போது தௌக்கியான் கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள், உடல் கிடைக்காதவர்களுடையவை. மதராஸ் படைக்காரர்களும் அதில் உண்டு. உடல் கிடைக்காதவனுக்கும் பெயர் வெட்ட முடியும் என்று அங்கேதான் கண்டேன்.

—

தம்பி, அதைத்தான் நானும் கேட்கிறேன். மோல்மேன், முடோன் பக்கத்துக் குடும்பங்களில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர் பெயர் தெரிந்தால் ஊரோடு சேர்த்து எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் ஏற்றிவருகிறேன்.